வலது இறக்கைக்குக் கண் இல்லை!

செல்போன் அலறியது!

தயாளன் எடுத்தான். பினாங்கு விமான நிலையத்தில் விமானங்களுக்குக் கையசைத்து வழிகாட்டுவது அவன் வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ்.

"தயாளனா?"

"ஆமா... யாரு?"

"காலையில ஜெட்டுல ஏத்துன பெட்டிக்குள்ள சத்தம் கேட்டுச்சுல்ல? அதை மறந்துடு."

"யார்டா நீ?"

"இதைக் கேளு-லா..."

அடுத்த நொடி, ஒரு பெண்ணின் கதறல்!

"என்னங்க! என்னைக் காப்பாத்துங்க! இவங்க சொல்றதைச் செய்ங்க...!"

அச்சு அசலாகப் புஷ்பவள்ளியின் குரல். அவன் மனைவி!

காலையில்தான் கெலுகோர் வீட்டில் அவளுக்குக் கஞ்சி ஆற வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஆறு நாள்தான் ஆகிறது. ஆறாத புண்ணோடு இருக்கும் பெண்ணையா இப்படிக் கதற விடுவார்கள், பாவிகள்!

"என்ன செய்யணும்?" என்றான்.

"போனையும் வாக்கி-டாக்கியையும் குப்பைத் தொட்டியில போடு. மூணரைக்கு ஜெட் கிளம்புது. நீ ஒருத்தன் மட்டும் வழி காட்டு. வேற எவனும் பக்கத்துல வரக்கூடாது. உன்னைப் பார்த்துட்டேதான் இருக்கோம். வாயைத் திறந்தே... பொண்டாட்டி காலி!"

லைன் கட்!

மணி மூன்று இருபத்தைந்து.

தயாளன் போனைக் குப்பையில் போட்டான். வாக்கி-டாக்கியையும் போட்டான். மூளை மட்டும் கடகடவென்று ஓடியது.

காலையில் தனியார் ஜெட்டில் ஏற்றிய மரப்பெட்டி. மேலே 'பழங்காலப் பீங்கான் ஜாடி, உடையும்' என்று ஒட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து டொக்... டொக்... டொக்! அவன் நேராகச் சூப்பர்வைசர் மோகனராஜிடம் ஓடினான்.

"சார், பெட்டிக்குள்ள யாரோ தட்டுறாங்க!"

"ஜாடி ஆடியிருக்கும்-லா!"

"ஜாடி மூணு மூணா எண்ணித் தட்டுமா, சார்?"

"நான் பார்த்துக்கிறேன். வேற யார்கிட்டயும் சொல்லாதே."

அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தரிடமும்!

உள்ளே ஒரு உயிர் இருக்கிறது. ஜெட் மேலே போய்விட்டால் அந்த உயிர் திரும்பாது. போலீஸ் இருக்கும் கட்டடத்துக்கு ஓடினால் பத்து நிமிஷம். ஜெட் ஓடுபாதைக்குப் போக நாலே நிமிஷம்!

வெளியே வந்தான். வெயில் கொளுத்தியது. ஜெட்டின் கதவு மூடியாயிற்று. இஞ்சின்கள் இரண்டும் கூச்சலிட்டன. தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது.

மோகனராஜ் எதிரே வந்து காதருகில் கத்தினார்.

"ஹரீஷையும் ராமுவையும் டீ குடிக்க அனுப்பிட்டேன்! நீ மட்டும் பாரு!"

ஹரீஷும் ராமுவும் இறக்கைக்கு ஒருவராகக் கூடவே நடப்பவர்கள். நுனிக்கு இடம் இருந்தால் கட்டைவிரலை உயர்த்துவார்கள். இந்த அளவு ஜெட்டில் விமானி எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தன் இறக்கை நுனி தெரியாது. அந்த இரண்டு பேர்தான் அவருக்குக் கண்.

"அவங்க இல்லாம எப்படி சார்? வலது பக்கம் விளக்குத் தூண் இருக்கே!"

"ஜெட் முதலாளிக்கு அவசரம்! இடம்தான் தாராளமா இருக்கே! கை ஆட்டுற வேலைதானே? ஆட்டு!"

மோகனராஜ் ஆபீஸிலிருந்து நேராகச் சூப்பர்வைசர் ஆனவர். தரையில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

தயாளன் தலையாட்டினான். சைகை காட்டும் இரண்டு மட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஜெட்டின் மூக்குக்கு எதிரே போய் நின்றான்.

மட்டைகள் உயர்ந்தன. வா... வா...

ஜெட் நகர்ந்தது!

நேராகப் போனால் வலது இறக்கை நுனி தூணை ஒரு மீட்டர் தள்ளித் தாண்டும். அதற்கப்புறம்தான் இடப்பக்கம் திருப்ப வேண்டும். முன்னாலேயே திருப்பினால்...? நீளமான பஸ் முனையில் திரும்பும்போது அதன் வால் வெளியே வீசுமே, அதே மாதிரி பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனி வெளியே வீசும். ஒரு மீட்டர் எம்மாத்திரம்!

தயாளன் தூணைப் பார்த்தான். நுனியைப் பார்த்தான். அந்த நுனியில் எரிபொருள் கிடையாது. உடைந்தால் தீப்பிடிக்காது. ஆனால் பறக்கவும் முடியாது!

பதினெட்டு வருஷத்தில் ஒரு கீறல்கூட விழ விட்டதில்லை.

மன்னிச்சிடு, கேப்டன்!

ஆறு தப்படி முன்னாலேயே இடப்பக்கம் காட்டினான்.

மூக்குச் சக்கரம் திரும்பியது. இறக்கை வீசியது.

ட்ட்டடார்!

நுனி பிய்ந்து தொங்கியது. தூண் சாய்ந்தது. விமானி பிரேக்கை அழுத்தினார். இஞ்சின்கள் அடங்கின.

சைரன்! தீயணைப்பு வண்டி! பின்னாலேயே போலீஸ் ஜீப்!

மோகனராஜ் ஓடி வந்து தயாளனின் சட்டையைப் பிடித்தார்.

"அறிவு கெட்டவனே! உன் பொண்டாட்டி அவங்க கையில இருக்கிறது மறந்து போச்சா?"

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் அர்ச்சனா அப்படியே நின்றாள்.

"இவர் பொண்டாட்டி யார் கையில?"

சட்டையைப் பிடித்த மோகனராஜின் கை மெல்ல நழுவியது.

"நானும் அதைத்தான் கேக்கிறேன், மேடம்," என்றான் தயாளன். "போன் வந்ததை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே! சாருக்கு எப்படித் தெரியும்? முதல்ல அந்த ஜாடிப் பெட்டியைத் திறங்க!"

திறந்தார்கள்.

கை கால் கட்டி, வாயில் துணி அடைத்து... நிபோங் திபால் ஊரின் செம்பனை எண்ணெய் ஆலை இஞ்சினியர் விஸ்வநாதன்! மூன்று நாளாகக் காணாமல் போயிருந்தவர். ஆலை வெடித்து நாலு பேர் செத்த வழக்கில் நாளைக்கு ஆலை முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவர். ஜெட்டும் அதே முதலாளியுடையதுதான்!

மூச்சு இருந்தது.

"உயிரோடதான் இருக்காரு! ஆம்புலன்ஸ்!" அர்ச்சனா கத்தினாள். மோகனராஜின் மணிக்கட்டில் விலங்கு ஏறியது.

"தயாளன், உங்க மனைவியை எங்க வச்சிருக்காங்கன்னு இவர்கிட்ட இப்பவே..."

"வீட்டுலதான் இருக்கா, மேடம்."

"என்ன?"

"போன வருஷம் கம்பெனி ஃபேமிலி டேயில மைக் பிடிச்சு ரெண்டு மணி நேரம் பேசுனா. சார்தான் வீடியோ எடுத்தாரு. அந்தக் குரலை வச்சு கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க. அசல் மாதிரியே இருந்துச்சு."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தொண்டை ஆபரேஷன், மேடம். பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு டாக்டர் ஆர்டர். கத்தணும்னு நினைச்சாலும் காத்துதான் வரும்!"

அர்ச்சனா சிரித்துவிட்டாள்.

"சரி, ஸ்டேஷனுக்கு வாங்க. ஸ்டேட்மென்ட் எழுதவே ரெண்டு நாள் ஆகும்."

தயாளன் பதறிப்போய் இரண்டு மட்டைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தான். 'நிறுத்து' என்ற சைகை!

"ஐயோ மேடம், ஆறு நாள் போச்சு... வீட்டுல இன்னும் நாலு நாள்தான் அமைதி பாக்கி. அதுலயும் ரெண்டு நாளை நீங்க எடுத்துக்கிட்டா எப்படி-லா!"