சத்து மாத்திரை

டப்பாவில் இருபது மாத்திரை இருக்க வேண்டும். மூன்றாம் முறை எண்ணியபோதும் பதினாறுதான் வந்தது.

ஒன்பது நாளைக்கு முன்பு, அவள் வேலை பார்க்கும் தையல் கடையின் மாடிப்படியில், ஹெல்மெட் போட்ட ஒருவன் பின்னாலிருந்து முடியைப் பிடித்து அவள் முகத்தைச் சுவரில் மோதினான். முன்பல் ஒன்று தெறித்தது. வார்னிஷ் வாடை அடித்த கை வாயைப் பொத்த, அவள் அதன் கட்டைவிரலை எலும்பு தட்டும்வரை கடித்தாள், தொண்டைக்குள் அவன் ரத்தம் வெதுவெதுப்பாக இறங்கியது. அப்படியும் அந்தப் பாவி விடவில்லை. நினைத்ததை முடித்துவிட்டுத்தான் போனான்.

"நேரத்தோட வந்துட்டீங்கம்மா," என்றார் மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டர். "எச்.ஐ.வி. வராம தடுக்கத்தான் இந்த மாத்திரை. தினம் ஒண்ணு, இருபத்தெட்டு நாள். ஒரு நாள்கூட விடக் கூடாது."

அக்கா வீட்டில் ஒண்டியிருப்பவள் இதை யாரிடம் சொல்வாள்? படியில் விழுந்தேன் என்றாள். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்தாள்.

"அக்கா, இதுலேர்ந்து எடுத்தியா?"

"உன் சத்து மாத்திரை எனக்கெதுக்குடி? அதைத் தின்னு நீயே ஓணான் மாதிரிதான் இருக்கே!" சிரித்தபடி அக்கா மளிகைக் கடைக்குக் கிளம்பினாள்.

பட்டப்பகல். மின்விசிறி கிறீச்சிட்டது, சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மாத்திரை தந்த குமட்டல் நெஞ்சிலேயே நின்றது. நான்கு நாள் மருந்து போச்சு. ஐயோ, வியாதி வந்துவிட்டால்? டப்பாவின் மூடியை மூக்கருகே கொண்டுபோனாள்.

வார்னிஷ்.

வாசல் தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கமாக.

தண்ணீர் டம்ளரோடு வந்தார் அத்தான், அக்காவின் புருஷன். தச்சர். விரலில் கட்டில்லாத நாளே கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"டப்பாதான் சத்து. மாத்திரையை மருந்துக்கடையில காட்டிக் கேட்டேன்." குரல் குழைந்தது. "இந்த வியாதி இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? கடிச்சு வேற வெச்சுட்டே."

"எனக்கு வியாதி இல்ல." அவள் பின்னால் நகர்ந்தாள்.

"உனக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

கையை நீட்டினார். கட்டு அவிழ்ந்திருந்தது. உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. கட்டைவிரலைச் சுற்றிக் கறுத்த பல்வரிசை. நடுவில் ஒரு பல் இல்லை.

அவள் நாக்கு, தானாக, தன் வாயிலிருந்த ஓட்டையைத் தொட்டது.