நொய்யலைப் பார்க்க வந்த பாடத்திட்டங்கள்

நொய்யலைப் பார்க்க வந்த ஒன்பதாவது பாடத்திட்டம் முன்னறையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் எதிரே ஒரு தட்டு உருளைக்கிழங்கு பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. பேசுவதற்கு ஒலிபெருக்கி உண்டே தவிர, பாடத்திட்டத்துக்கு வாய் கிடையாது. ஆனாலும் வீடு தேடி வந்தவர்களுக்கு ஒன்றும் வைக்காமல் அனுப்ப நொய்யலின் அம்மா தமயந்திக்கு மனம் வராது.

செவ்வாயில் புதுப்பல்லடம் குடியிருப்பில் அதுதான் வழக்கம். பாடத்திட்டங்கள் அங்கே புத்தகமாக வருவதில்லை. இரண்டு கால், இரண்டு கை, இரக்கமுள்ள ஒரு முகம் என்று பாடவுருக்களாக வரும். வந்ததும் குழந்தையை அழைத்துவந்து காட்டுவார்கள். அது இரண்டு கேள்வி கேட்கும். பிறகு பெற்றோர், "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்பார்கள். அது தலையசைத்துவிட்டுப் போகும். பூமியில் எதற்கோ இருந்த நடைமுறை இது. எதற்கு என்று அங்கே யாருக்கும் நினைவில்லை.

"பெண் குழந்தை லட்சணமாக இருக்கிறாள்" என்றது பாடவுரு. "என் பெயர் இசையெழுத்து. என்னிடம் எல்லா எழுத்துக்கும் ராகம் உண்டு. கண்ணே, ஒரு வரி படித்துக் காட்டுகிறாயா?"

ஒன்பது வயது நொய்யல் தாளைப் பார்த்தாள். எழுத்துகள் எப்போதும்போல நகர ஆரம்பித்தன. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகி, பக்கத்து எழுத்தின் காலைப் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். அறையில் யாரும் பேசவில்லை. அவளுடைய அப்பா நாச்சிமுத்துவுக்கு அந்த மௌனம் பழக்கமானது. காற்றுச் சல்லடைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் அவன். எட்டு மணி நேரமும் விசிறிகளின் இரைச்சலுக்குள் தனியாக இருந்து, பேச்சில்லாத இடங்களை நேசிக்கப் பழகியவன். ஆனால் மகள் ஒரு தாளின் முன் உட்கார்ந்திருக்கும்போது விழும் மௌனத்தை மட்டும் அவனால் தாங்க முடிவதில்லை.

"பரவாயில்லை, நான் பாடுகிறேன்" என்று இசையெழுத்து தொடங்கியது. ககர வரிசை முடிவதற்குள் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள்.

புதுப்பல்லடத்தில் ஐந்து வயது நிரம்பியதும் எல்லோருக்கும் காதின் பின்னால் சாரச்சில்லு பொருத்திவிடுவார்கள். எந்தத் தாளைப் பார்த்தாலும் அதன் சாரத்தைச் சில்லு ஒரே வரியில் மூளைக்குச் சொல்லிவிடும். எழுத்தெழுத்தாக யாரும் படிப்பதில்லை. படிக்கவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. கேட்டால், "படிச்சுட்டேனுங்க" என்பார்கள், மனப்பூர்வமாக.

நொய்யலுக்கு மட்டும் சில்லு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை பொருத்தி, இரண்டு முறையும் காய்ச்சல் வந்து எடுத்துவிட்டார்கள். அதற்குமேல் எழுத்துகளும் அவளுக்கு நிலைகொள்ளாமல் ஆடின. 'கற்றல் குறைபாடு, இரட்டை வகை' என்று சான்றிதழ் கொடுத்துப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலேயே கற்பிக்கலாம், ஆனால் மாத இறுதிக்குள் மொழிப் பாடத்துக்கு ஒரு பாடத்திட்டத்தைப் பதிவு செய்து, ஆய்வாளர் முன்னால் ஒரு பக்கம் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். தவறினால் போபோஸ் நிலவிலுள்ள விடுதிக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் அங்கிருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இசையெழுத்து கிளம்பியதும் தமயந்தி தட்டை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங், இது என்னுங்க?"

"பாடுது."

"கேட்டுதுங். பதியலாமா வேண்டாமா?"

"முந்தி வந்த மணலெழுத்துக்குத் தொள்ளாயிரம் பேரு நல்லாயிருக்குன்னு எழுதியிருக்கறாங்க. இதுக்கு ஆயிரத்து நூறு. ஆனா நாளைக்கு வர்றதுக்கு ரெண்டாயிரமாம்."

"அப்ப நாளைக்கு வர்றதையும் பார்த்துப்போடலாமுங்."

இப்படித்தான் மூன்று வாரம் ஓடியிருந்தது. முதலில் வந்தது சிவப்புப் புழுதியைத் தரையில் கொட்டி எழுதச் சொன்னது. அதைக் கூட்டி அள்ள இரண்டு நாள் ஆயிற்று. அடுத்தது எதற்கெடுத்தாலும் பாராட்டியது. நொய்யல் தும்மியபோதுகூட, "அற்புதமான முயற்சி!" என்றது. ஐந்தாவது, அம்மாவுக்கு இலக்கணம் தெரியுமா என்று கேட்டு, தமயந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்து போய்விட்டது.

ஒவ்வொன்றையும் வரவழைக்க நாச்சிமுத்து ஒப்பந்தத்தில் விரல் பதிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பந்தம். மேலட்டைதான் வேறு வேறு. அதைப் பார்த்ததும் சில்லு அவனிடம் சொல்லும்: 'நல்ல பாடம். நம்பலாம். சம்மதம் தரவும்.' அவன் தருவான்.

ஒப்பந்தங்களைத் தாளிலும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று குடியிருப்பில் ஒரு பழைய சட்டம் இருந்தது. அறுபத்துநான்கு பக்கம். ஜனங்கள் அதை அலமாரியில் விரித்தார்கள். பஜ்ஜி எண்ணெயை ஒற்றினார்கள். வீட்டில் அச்சிட்டதென்று வேறெதுவும் இல்லாததால், தமயந்தி முதல் பிரதியை நொய்யலிடம் கொடுத்திருந்தாள். பாடத்திட்டம் முடிவாகும்வரை சும்மா எதற்கு இருக்க வேண்டும் என்றுதான். கூடவே ஒரு பழைய சல்லடைத் தகட்டில் சொல் அளவுக்கு ஒரு சன்னல் வெட்டிக் கொடுத்தாள். தகட்டைத் தாளின்மேல் வைத்தால் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் தெரியும். தனியாக அகப்பட்ட எழுத்துக்கு ஆடத் துணையில்லை. அது கொஞ்ச நேரம் துடித்துவிட்டு அடங்கிவிடும்.

நொய்யல் தினமும் காலையில் சாளரத்தடியில் குப்புறப் படுத்து, தகட்டை நகர்த்தி நகர்த்திப் படித்தாள். ஒரு நாளுக்கு மூன்று பக்கம். நாச்சிமுத்து வேலைக்குக் கிளம்பும்போது அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

"அப்பா, 'கற்பவர்'னா யாருங்ப்பா?"

"நீதான் கண்ணு."

"இதுல அப்படிப் போடலீங்ப்பா."

"அப்பறம் பார்க்கலாஞ் சாமி. பத்தாவது வர்ற நேரமாச்சு."

பத்தாவதும் வந்தது. அது முழுக்க முழுக்கக் கனவில் கற்பிப்பது. குழந்தை தூங்கினால்தான் பாடம். நொய்யல் தூங்கவில்லை, நாச்சிமுத்துதான் தூங்கினான். பதினொன்றாவதற்கு நல்ல பேர் இருந்தது. ஆனால் வேறொரு வீட்டில் அதைப் பிடித்துப்போய்விட்டதால் அரை மனதாகவே பேசியது. கணவனும் மனைவியும் பதினொன்றின் குறைநிறைகளைச் சுவரில் எழுதி, அம்புக்குறி போட்டு இணைத்துப் பார்த்தார்கள். மாதம் முடிந்துவிட்டது.

ஆய்வாளர் திலகராணி காலை பத்து மணிக்கு வந்தார். பஜ்ஜியைச் சாப்பிடக்கூடிய விருந்தாளி ஒருவர் வந்ததில் தமயந்திக்குத் தாளாத சந்தோஷம்.

"எந்தப் பாடத்திட்டங்க பதிஞ்சிருக்கறீங்க?" என்று ஆய்வாளர் கேட்டார்.

நாச்சிமுத்து சுவரைப் பார்த்தான். அம்புக்குறிகள் எதையும் சுட்டவில்லை. "இன்னும் முடிவு பண்ணலீங்" என்றான், தனக்கே கேட்காத குரலில்.

"முடிவு பண்ணலீங்களா?" திலகராணி கையிலிருந்த மின்பலகையைத் தட்டினார். "பதினொண்ணு பதிஞ்சிருக்குதுங்களே! குடியிருப்புலயே ஒரு வீட்டுல இத்தனை பதிவு நான் பார்த்ததில்லீங். கற்பவர் பேரு..." அவர் பலகையைக் கண்ணருகே கொண்டுபோனார். "நாச்சிமுத்து. வயசு நாப்பத்து மூணு."

குடியிருப்பை மூடிய கவிகைக்கு வெளியே புழுதிக்காற்று உரசும் சத்தம் கேட்டது.

"தப்பா விழுந்திருக்கும்" என்றான் நாச்சிமுத்து. "நான் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தானுங்க விரல் வெச்சேன்."

"நானும் படிச்சிருக்கறேனுங்க. சாரம் நல்லாத்தானே இருக்குது?" என்றார் திலகராணியும், குழப்பத்தோடு.

நொய்யல் சாளரத்தடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருபத்தேழாம் பக்கத்தைத் திருப்பி, தகட்டை வைத்தாள். விரலை ஊன்றினாள். மூன்று பெரியவர்களும் காத்திருந்தார்கள். இந்த மௌனம் எங்கே முடியும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும்: போபோஸ் போகும் கலத்தின் படிக்கட்டில்.

"பிரிவு... முப்பத்தெட்டு" என்றாள் நொய்யல். "விரல்... பதிப்பவரே... கற்பவர்... ஆவார். வேறொரு... வேறொருவருக்காக என்றால்... அவர் பெயரை... மூன்றாம் பக்கத்தில்... எழுத வேண்டும்." தகடு நகர்ந்தது. "கற்பவர்... தேர்ச்சி... பெறாவிட்டால்... விடுதிக்கு... அனுப்பப்படுவார்."

தலையைத் தூக்கினாள். "மூணாம் பக்கத்துல அப்பா யாரு பேரையும் எழுதலீங். நான் அன்னிக்கே கேட்டேன்."

திலகராணி தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய சில்லு, 'நல்ல பாடம். நம்பலாம்' என்றது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீ எது வரைக்கும் படிச்சிருக்கறே கண்ணு?"

"அறுவத்து நாலுங். கடைசிப் பக்கத்துல இதைப் படிச்சவங்க எழுதிப் போடுங்கன்னு ஒரு முகவரி இருக்குதுங். போட்டேன். இத்தனை வருஷத்துல மொதக் கடுதாசி இதுதானாம். அச்சடிக்கறவரு அழுதுபோட்டேன்னு எழுதியிருந்தாரு."

ஆய்வாளர் பலகையில் எழுதினார்: ஒரு பக்கம் படித்தாள், பொருள் சொன்னாள், தேர்ச்சி. 'பாடத்திட்டம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, 'சல்லடைத் தகடு, எண்ணெய்த் தாள்' என்று நிரப்பினார்.

தமயந்தி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்துவுக்கும் கண் கலங்கியது. அந்த நேரத்தில்தான் திலகராணி தொண்டையைச் செருமினார்.

"இப்ப உங்க விஷயத்துக்கு வருவமுங்க."

"என்னோடதா?"

"பதினொரு பாடமுங்க. ஒண்ணுலயும் தேர்ச்சி இல்ல. சில்லை அணைச்சுப்போட்டு ஒரு பக்கம் படிங்க, பார்ப்போம்."

நாச்சிமுத்து காதின் பின்னால் தொட்டுச் சில்லை அணைத்தான். முப்பத்தெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக அவன் முன்னால் வெறும் தாள் கிடந்தது. முதல் சொல்லிலேயே கண் வழுக்கிப் பக்கத்தின் அடிக்குப் போய், விரல் பதிக்கும் கட்டத்தைத் தேடியது. மறுபடி மேலே கொண்டுவந்தான். மறுபடி வழுக்கியது. எழுத்துகள் ஆடவில்லை, அவன்தான் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"அப்பாவை நெலாவுக்கு அனுப்பிச்சுப்போடுவாங்களா?" என்று நொய்யல் அம்மாவின் காதில் கேட்டாள்.

திலகராணிக்குப் பாவமாகிவிட்டது. "அட, அப்படியெல்லாம் விட்ருவனா? மூணு மாசம் தவணை கேட்டு ஒரு படிவம் இருக்குதுங்க. மொதல்ல அதிகாரி விரல் வெக்கோணும், அப்பறம் நீங்க." பலகையை நீட்டி, தம் விரலை அழுத்தினார். "ம், நீங்க அழுத்துங்க. வழக்கமான தாளுதான்."

நாச்சிமுத்துவின் கட்டைவிரல் தானாகவே கிளம்பியது. பாதி வழியில் நொய்யல் அதைப் பிடித்துக்கொண்டாள். பலகைமேல் தகட்டை வைத்து, அப்பாவின் விரலைச் சன்னலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் படித்தான். ஒரு சொல், பிறகு ஒரு சொல். பஜ்ஜி ஆறியது. திலகராணி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது வரியில் நாச்சிமுத்து நிமிர்ந்தான். அவன் முகத்தில், ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் மட்டுமே காணக்கூடிய ஒரு வெளிச்சம் இருந்தது.

"மேடம், இதுலயும் முப்பத்தெட்டு இருக்குதுங்."

"எது?"

"விரல் பதிப்பவரே கற்பவர். மொதல்ல வெச்சது நீங்கதானுங்க."

வாசலில் மணி அடித்தது. தமயந்தி கதவைத் திறந்தாள். இரக்கமுள்ள முகத்தோடு ஒரு புதிய பாடவுரு நின்றது.

"திலகராணி என்ற குழந்தை இந்த வீட்டில்தானே இருக்கிறாள்?" என்று அது கனிவாகக் கேட்டது.

தமயந்தி வழக்கப்படி, "வாங்கோ, உக்காருங்கோ" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போனாள்.

நொய்யல் அப்பாவுக்கும் ஆய்வாளருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு தகடு. அதை முதலில் யாருக்குக் கொடுப்பது என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.