துண்டு உட்கார்ந்திருக்கிறது

நிலாவில் உள்ள படைத் தலைமையகத்தில் காலை ஒன்பது மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் வேலைக்கு உட்கார்ந்துவிடும். நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு ஆட்கள் கேண்டீனுக்குப் போய்விடுவார்கள். பஸ் ஜன்னலில் துண்டெறிந்து இடம் பிடித்த இனம், நிலாவுக்குப் போனால் மட்டும் திருந்துமா? செவ்வாய்க்காரனோடு நடந்த சண்டை முடிந்து ஏழு வருஷம். எதிரி இல்லாத இடத்தில் எவன் என்ன வேலை பார்ப்பான்?

ஆளைக் குறைக்கப் பூமியிலிருந்து ஓர் ஆள்குறைப்பான் வந்து இறங்கியது. இடுப்பு உயர இயந்திரம். கண் கிடையாது, வியர்வை வாடையை மோந்தே இன்னார் என்று சொல்லிவிடும். கண்ணில்லாத சாமான் ஆளை எடைபோட வந்தால் விளங்கினாற்போலத்தான்.

வரைபடப் பிரிவு எழுத்தர் சங்கிலிப்பாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தார். வேலை போனால் குடியிருப்பும் போகும். அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். அவர் மனைவி பூரணம் பூமியில் தொண்ணூறு கிலோ. முட்டி வலியில் சுவரைப் பிடித்து நடந்தவள். நிலாத் தராசில் பதினைந்துதான், துள்ளிக்கொண்டு திரிகிறாள்.

“என் முட்டி பூமிக்கு வராது. நீங்க வேணா போயிட்டு வாங்க” என்றாள்.

பத்து நாள் மோந்துவிட்டு இயந்திரம் பட்டியலை ஒட்டியது. ஒவ்வொருவரும் இரண்டிரண்டு பேராம். ஒருவர் நாற்காலியில், ஒருவர் கேண்டீனில். கேண்டீனில் இருப்பவர் உபரி, வீட்டுக்குப் போகலாம்.

சங்கிலிப்பாண்டி அதன் முன்னால் போய் நின்றார். “யோவ், அது என் துண்டுய்யா. நான்தான் ஆளு.”

“வாடை ஒன்றுதான். நாற்காலியில் இருப்பவர் எட்டு மணி நேரம் எழுந்திருப்பதில்லை. நீங்கள் ஒருநாளும் உட்காரவில்லை.”

“அது வேலை செய்யாதேய்யா.”

“இருவர் வேலையும் ஒரே அளவுதான். மோந்து பார்த்துவிட்டேன்.”

எல்லோரும் தளபதியிடம் முறையிடப் போனார்கள். அறையில் அவருடைய சால்வை உட்கார்ந்திருந்தது. தளபதி வெளியே நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் விதிப் புத்தகத்தைப் புரட்டியவள் பூரணம்தான். ஊழியரை அண்டி வாழும் குடும்பம் குடியிருப்பில் தங்கலாம் என்று அதில் இருந்தது. விண்ணப்பத்தில் ஊழியர் பெயருக்கு நேராகத் துண்டு என்று எழுதினாள். சங்கிலிப்பாண்டிக்கு ரோஷம் வந்தது.

“இத்தன வருஷம் அது உங்க தோள்ல தொங்குச்சு. இனிமே நீங்க அதுல தொங்குங்க. கையெழுத்தப் போடுங்க.”

போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரைக் குறைத்தாயிற்று என்று பூமியில் விழா எடுத்தார்கள். நிலாவில் ஒருத்தரும் கப்பல் ஏறவில்லை. ஆபீஸ் எப்போதும் போலவே நடக்கிறது.

துண்டைத் துவைப்பதுதான் நின்றுபோனது. ஒருத்தர் மறதியில் அலசிவிட்டார். ராஜினாமா என்று பதிந்துகொண்டது இயந்திரம்.

அடுத்து அது பூமியில் உள்ள ஆபீசுகளுக்கு வருகிறதாம். உங்கள் நாற்காலியில் கிடப்பதைத் துவைப்பதை இப்போதே நிறுத்துங்கள்.