சீல் வைத்த பாய்லர்

டிபெரியு ஆறு மணிக்கு எழுந்தான். மின்னடுப்பில் தண்ணீர் வைத்தான். ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நின்றபடியே தின்றான். கொதித்த தண்ணீரைக் குவளையில் ஊற்றி, ஒரு தட்டால் மூடிக் குளியலறைக்கு எடுத்துப் போனான். கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்துவிட்டு முகத்தில் சோப்பு நுரையைப் பூசினான். சவரக் கத்தியை நனைக்கக் கையை நீட்டியவன் அப்படியே நின்றான்.

குவளை மேல் தட்டு மூடியபடியே இருந்தது.

கண்ணாடியின் ஓரங்களிலிருந்து ஆவி மறுபடியும் மெல்ல நடுவை நோக்கி ஊர்ந்து வர, அறை முழுவதும் யாரோ இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டுப் போனது போன்ற ஈரச்சூடும் சாமந்திப்பூ ஷாம்பூவின் மணமும் நிறைந்திருக்க, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் ஆறும்போது கேட்குமே, அந்த டிக் டிக் சத்தம் பாய்லரின் தகரத்துக்குள்ளிருந்து விட்டுவிட்டுக் கேட்டது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது. எத்தனை நாளாக இந்தக் கண்ணாடியைத் துடைக்கிறோம் என்று யோசித்தான். நினைவில்லை.

பாய்லர் கடைசியாக எரிந்து மூன்று மாதம் ஆகிறது. அக்டோபரில் அவன் மனைவி ஒட்டிலியாவை இந்தக் குளியல் தொட்டியிலிருந்து பிணமாகத் தூக்கிய அன்றே, எரிவாயுக் கம்பெனி ஆட்கள் குழாயை அடைத்து ஈயச் சீல் வைத்துவிட்டார்கள். பாய்லர் கக்கிய வாசனையில்லாத விஷப்புகை. காற்று வர வேண்டிய சுவர்த் துளையைத் துணி வைத்து அடைத்தவன் அவன்தான். பிரஷோவ் நகரத்தில் யார் அடைக்கவில்லை? சோதனைக்காரர் வரும் நாளில் துணியை எடுப்பார்கள், அவர் படியிறங்கியதும் திணிப்பார்கள். ஈரத்தலையில் ஊசிக்காற்று பட்டால் வாய் கோணும், காது போகும் என்று கேட்டே வளர்ந்த ஊர்.

ஒன்பது மணிக்குப் பாய்லர் மேஸ்திரி ஹோரியா வந்தார். கூடவே மாமியார் வெதூரியாவும் வந்தாள்.

"மேஸ்திரி, இந்தக் கொலைகாரப் பொட்டியக் கழட்டித் தெருவுல எறிங்க," என்றாள். "இதைப் பார்த்துக்கிட்டே மாப்பிள்ளைக்கு ஷேவ் பண்ண முடியுது பாருங்க. கல்லு."

"பொட்டி என்னம்மா பண்ணும்? மூக்கைப் பொத்தினா நீங்களும்தான் திணறுவீங்க." அவர் முன்மூடியைக் கழற்றினார். "ரிப்பேர் பண்ணலாம் தம்பி. புகை திரும்பினா அணைக்கிற கருவி செத்துப்போச்சு. அதை மாத்தினா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். ஆனா என்னைக் கேட்டா புதுசு போடுங்க. அது வெளிக்காத்தைத்தான் இழுக்கும். வீட்டுக்குள்ள இருக்கிற மூச்சைத் தொடாது."

"புதுசே போடுங்க," என்றான் டிபெரியு. மூன்று மாதத்தில் முதல் முறையாக அவனுக்கு உயிரோடு இருக்க வேண்டும் போலிருந்தது.

மேஸ்திரியின் கை உள்ளே எதையோ தொட்டு, சூடு பட்டு வெடுக்கென்று விலகியது. குனிந்து சீலைப் பார்த்தார். ஈயம் அப்படியே இருந்தது. கம்பி அறுபடவில்லை. ஸ்டூலில் ஏறிச் சுவர்த் துளைக்குள் கையை விட்டார். ஒரு பச்சைத் துண்டு வந்தது. சொட்டச் சொட்ட. ஆவி பறந்தது.

"மறுபடியும் அடைச்சிருக்கீங்களே! பட்டும் புத்தி வரலையா?"

"நான் அடைக்கல."

வெதூரியா துண்டை வாங்கினாள். ஓரத்துத் தையலை விரலால் தடவினாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது என் தையல். சவப்பொட்டியில அவ தலைக்கு அடியில நான்தான் மடிச்சு வெச்சேன். அதுக்கு மேலதான் மூடி ஆணி அடிச்சாங்க."

மேஸ்திரி சாமான்களைப் பொறுக்கவில்லை. வேனில் ஏதோ இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றார். படிகளில் அவர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு வேன் கிளம்பும் சத்தம்.

வெதூரியா துண்டைப் பிழிந்தாள். குழந்தைக்குப் போர்த்துவதைப் போலப் பதமாக மடித்தாள். ஸ்டூலில் ஏறினாள்.

"அத்தை. வேண்டாம்."

"ஈரத்தலை, மாப்பிள்ளை, அவளுக்கு." துளைக்குள் ஓரம் ஓரமாகத் திணித்தாள். இறங்கினாள். "புதுசெல்லாம் வேண்டாம். அவளுக்கு இதுதான் பழக்கம்."

வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். சாவி திரும்பியது.

அவன் கைப்பிடியை ஒரு முறை ஆட்டினான். பின்னால் தொட்டியின் தண்ணீர்க் குழாய் தானாகத் திறந்துகொண்டது. பாய்லருக்குள் சட்டென்று தீ பற்றியது. நீலமில்லை. காற்றில்லாமல் எரியும் மஞ்சள். சோம்பலாக ஆடியது. துண்டைப் பிடுங்க நினைத்தான். கை எழவில்லை. தரையில் சரிந்தான். எந்த வாசனையும் இல்லை.

தொட்டியில் தண்ணீர் ஏறியது. பாதி வந்தபோது ஒரேயடியாக விளிம்புவரை உயர்ந்தது. யாரோ உள்ளே இறங்கி உட்கார்ந்தது போல. பிறகு ஓர் ஓரமாக ஒதுங்கி, இன்னொருவருக்கு இடம் விட்டது போல.

ஒட்டிலியா கடைசியாக என்ன சொன்னாள் என்று அன்று போலீஸ் கேட்டபோது, ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். சொன்னாள். இந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, தூக்கக் கலக்கம் போல இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"தண்ணி நல்ல சூடா இருக்கு, டிபி. நீயும் வாயேன்."