மூன்றாவது கியரில் வந்தவன்

"ஏனுங்க... மெக்கானிக் இல்லீங்களா?"

போன வாரம், கொட்டுகிற மழையில் சுந்தராபுரத்தில் சைத்ராவின் ஒர்க்‌ஷாப் முன்னால் திணறி நின்ற காரிலிருந்து கதிரேசன் கேட்ட முதல் கேள்வி அது.

"ஏன், என்னைப் பார்த்தா எப்படித் தெரியுதுங்க?" என்று வெடுக்கெனக் கேட்டுவிட்டாள்.

அவன் சிரித்தான். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... பாவி, இமைக்கவே தெரியாத கண்கள்.

ஆட்டோமேட்டிக் கார். கியர் ஆயில் பிரஷர் சென்சாரில் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியது. சென்சாரை மாற்றி அனுப்பிவிட்டாள்.

இன்று அதே மழை, அதே கார், அதே கோளாறு. அந்தச் சிரிப்பைத்தான் காணோம்.

"மூணாவது கியரை விட்டு மாறவே மாட்டேங்குதுங்க. தங்கச்சிக்கு நெறமாசம்... எந்நேரமும் வலி வரலாம். ஊட்டுல இருக்கிறது இந்த ஒரு வண்டிதானுங்க. கியர்பாக்ஸே போயிருச்சுங்களா?"

சைத்ரா பானெட்டைத் திறந்தாள். தன் கையால் பார்த்த வேலை... அந்தப் பெண்ணுக்கு நடுவழியில் ஏதாவது ஆகியிருந்தால்? இவன் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

இந்த முறை ஸ்கேனரை நம்பவில்லை. தனியாக ஒரு கேஜை மாட்டி ஆயில் அழுத்தத்தை நேராகவே அளந்தாள். முள் சரியான இடத்தில் நின்றது. அப்பாடா, கியர்பாக்ஸ் பிழைத்தது. அப்படியானால்... சென்சாருக்குப் போகும் வயரின் கனெக்டரைக் கழற்றினாள். உள்ளே எண்ணெய் கசிந்து ஊறிக் கிடந்தது. அதனால்தான் அழுத்தம் தப்பாகக் காட்டி, வண்டி கியர் மாறாமல் நின்றிருக்கிறது. போன வாரமே பார்த்திருக்க வேண்டியது.

'புது சென்சாரே மட்டமுங்க' என்று சொன்னால் தீர்ந்தது, அவனுக்கா தெரியப்போகிறது? பொய் தொண்டைவரை வந்து நின்றது.

வேறு கனெக்டர் போட்டு, அவனையும் ஏற்றிக்கொண்டு ஈச்சனாரிப் பக்கம் ஓட்டினாள். கியர் அலுங்காமல் மாறியது.

"தப்பு என்னுதுங்க," என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "போன வாரமே இதைக் கழட்டிப் பார்த்திருக்கோணும்."

"ஏன் பார்க்கலீங்க?"

"நீங்க... என்னையவே பார்த்துட்டு நின்னீங்க. எனக்குக் கையே ஓடலீங்க."

சொல்லியேவிட்டாள். அவன் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமோ... ஐயோ, ஏதாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?

"கிணத்துக்கடவுல இருந்து மூணாவது கியர்லயே உருட்டிட்டு வந்தேனுங்க," என்றான் மெதுவாக. "வழியில எத்தனையோ ஒர்க்‌ஷாப்பு... ஒண்ணுலயும் நிறுத்த மனசு வரலீங்க."

மழை வலுத்தது.

"ஏனுங்க... இப்ப உங்களைப் பார்க்கலாமுங்களா?"

"செத்த பொறுங்க," என்றாள் சைத்ரா. "வண்டிய ஓரமா நிறுத்திக்கிறேன்."