ஒற்றை வடிகட்டி

“ஊரே தானா ஓடுற வண்டியில போகுது. நமக்கு மட்டும் எதுக்குங்க இந்தப் பழைய பெட்ரோல் கார்?”

“அதுக்கு நம்மள யாருன்னு தெரியாதுட்டி. அதுக்குத்தான்.”

மிக்கேல் அன்று சொன்னது ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. கல்யாணமான புதிது. சிரித்துக்கொண்டே காரின் கண்ணாடியில் மாதா படம் ஒன்றை ஒட்டி வைத்தாள்.

இப்போது புரிந்தது. தூத்துக்குடியில் எல்லோரும் காலையில் எழுந்ததும் செய்வதைத்தான் இன்றும் அவள் செய்தாள். வாசலில் பதித்திருந்த மூச்சுமானியில் வாய் வைத்து ஊதினாள். பச்சை விளக்கு எரிந்தது. பச்சை வந்தால்தான் தானோடிகள் கதவைத் திறக்கும். உப்புத்தூசி நுரையீரலில் இறங்கிவிட்டவர்களுக்குச் சிவப்பு. உப்பளத்தில் இயந்திரம் மேய்த்த மிக்கேலுக்குச் சிவப்பு வந்த நாளிலிருந்து எந்தத் தானோடியும் அவன் முன்னால் நின்றதில்லை.

இன்று மாலை ஊரை அணைக்கப்போகிறார்கள். கடல் ஏறிவந்த ஊர்களையெல்லாம் அப்படித்தான் ஒவ்வொன்றாக அணைத்தார்கள். மின்சாரம், குடிநீர், மருந்து எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். பச்சைக்காரர்களைத் தானோடிகள் மேட்டு நகரங்களுக்கு ஏற்றிச் செல்லும். மூச்சு இயந்திரங்கள் போதவில்லை என்பதால் சிவப்புக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. பின்னால் வந்து அழைத்துக்கொள்வோம் என்றது அறிவிப்பு. இதற்குமுன் அணைத்த ஊர்களுக்கு அப்படி யாரும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

மலையடிவாரத்தில் ஜெசிந்தாவின் அண்ணன் சவரி இருந்தான். அவன் வீட்டில் யார் கணக்கிலும் வராத மூச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் மிக்கேல் பிழைப்பான். ஆனால் கிளப்பிய கார் வீட்டு வாசலிலேயே இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

“பாசியில வடிச்ச பெட்ரோல்லா, அடைச்சிருக்கும்” என்றான் மிக்கேல். காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்திருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவன் மூச்சுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. “பம்புலேருந்து கார்பரேட்டருக்கு ரப்பர் குழாய் ஒண்ணு போவும். நடுவுல பிளாஸ்டிக் குப்பி மாதிரி, கட்டைவிரல் தண்டி இருக்கும் பாரு.”

“கறுப்பா கெடக்கே, இதா?”

“அதான் வடிகட்டி. வெள்ளையா இருக்க வேண்டியது.”

கழற்றினாள். உள்ளிருந்த தாள் கூழாகி ஒழுகியது. கழுவவும் வழியில்லை. மாற்றுவதற்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தார்கள். அது மிக்கேல் பிறப்பதற்கு முன்பே செய்தது. அதைக் குழாயில் செருகி, இரண்டு பக்கமும் கிளிப்பை முடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் கரி.

“எப்படிங்க? என்னைக் கட்டுனது வீண் போகலல்ல?”

“மேல அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குது?”

“அம்புக்குறியா? பம்பைப் பாக்குது.”

“திருப்பிப் போட்டிருக்கட்டி. அது கார்பரேட்டரப் பாக்கணும்.”

அவள் வளர்ந்த காலத்தில் எந்தப் பொருளுக்கும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கிடையாது. எல்லாம் காந்தச் சேர்ப்பிகள். கிட்டே கொண்டுபோனால் தாமே ஒட்டிக்கொள்ளும். அரைத்திருகு திருகினால் விட்டுவிடும். கிளிப்பைத் தளர்த்திவிட்டுக் குழாயைப் பிடித்ததும் அவள் கை யோசிக்காமல் அந்த அரைத்திருகைப் போட்டது.

சின்னதாக ஒரு சத்தம். வடிகட்டியின் மூக்கு முறிந்து குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

கையில் மிஞ்சியதை அவனிடம் நீட்டினாள்.

“இது இல்லாம ஓடாதாங்க?”

“ஓடும். தெருமுனை வரைக்கும்.”

நம்பாமல், முறிந்த துண்டை நோண்டி எடுத்துவிட்டு இரண்டு குழாயையும் நேராகச் சேர்த்துக் கட்டினாள். அவனைத் தாங்கிப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். கார் உறுமியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பூட்டிக் கிடந்த வீடுகளைத் தாண்டி, அவன் சொன்னபடியே தெருமுனையில் விக்கி நின்றது. மறுபடி எத்தனை முறை முடுக்கியும் கிளம்பவில்லை. கார்பரேட்டருக்குள் பாசி இறங்கிவிட்டது என்றான். அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தபோது கடைசித் தானோடி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றது. “ஜெசிந்தா, ஊதுங்கள்” என்றது இனிமையாக.

“போ” என்றான் மிக்கேல். இரண்டு வருடமாகத் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போதும், அவள் முதுகு தடவிக்கொடுக்கும்போதும். “உனக்கென்ன வயசாயிட்டு? போ. சவரி உன்னப் பாத்துக்குவான்.”

“வாயை மூடுங்க. பேசுனா இன்னும் இளைக்கும்.”

“உன் கையால ஒரு வேலை உருப்படியா நடந்திருக்கா? அங்க போயாவது யாரையாவது உருப்படியா பாத்துக்க. போயிருட்டி.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. எந்தக் கை அந்தக் குழாயைத் திருகியதோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே இருந்து அவனுக்கு என்ன செய்ய முடியும்? மருந்தும் இன்றோடு சரி. காரைவிட்டு இறங்கித் தானோடியின் மூச்சுமானியில் ஊதினாள். பச்சை. கதவு திறந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

திரும்பிப் பார்த்தாள். மிக்கேல் தலையாட்டினான், போ போ என்று. பிறகு அந்தத் தலையாட்டல் நின்றது. அவன் முகம் குழந்தை முகம்போலக் கோணிக்கொண்டது. மூச்சைத் திரட்டத் திரட்ட வரவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

“ஜெசி,” என்றான். “என்னைத் தனியா விட்டுட்டுப் போயிராதட்டி.”