வலப்பக்க விருந்தாளி

கோம்போ மாமா கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் பாதி குடித்த உப்புத் தேநீர் கிண்ணத்தில் அப்படியே இருந்தது.

"என்னப்பா நீங்க! மாமா மூக்குப்பொடிக் குப்பியை எவ்ளோ நேரமா நீட்டிக்கிட்டே இருந்தாரு! நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலையே!" என்றாள் அனுஜின்.

அப்பா தாம்தின் திருதிருவென்று விழித்தார். "நீட்டினானா? எப்போ?"

விருந்தாளி நீட்டும் குப்பியை வாங்காமல் இருப்பது கூடாரங்களில் வாழும் அந்தப் புல்வெளி மக்களிடையே பெரிய அவமானம். போன வாரம் வந்த கம்பளி வியாபாரியும் இப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். 'தாம்தினுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு' என்று அக்கம்பக்கத்துக் கூடாரங்களில் பேச்சு. அனுஜினுக்கு அழுகையே வந்தது. அடுத்தவர் ஆட்டுக்குட்டி குளிரில் நடுங்கினாலும் தன் அங்கிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற அப்பாவுக்கா தலைக்கனம்?

மறுநாள் அவள் பள்ளியில் கண் பரிசோதனை முகாம். பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியை.

"என் கண்ணுக்கென்ன குறைச்சல்? அந்த மலை மேல மேயற குதிரை யாரோடதுன்னு இங்கிருந்தே சொல்லுவேன்" என்று அலட்டிக்கொண்டே வந்தார் அப்பா.

சொன்னபடியே, எழுத்து அட்டையின் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார்.

"கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு! அடுத்த ஆள் வாங்க" என்று சிரித்தார் நர்ஸ்.

அனுஜின் மட்டும் நகரவில்லை. 'நான் கொடுக்கிற தேநீரை அப்பா ஒருநாளும் தவறவிட்டதில்லையே! நானும் அம்மாவும் அவருக்கு இடப்பக்கம். விருந்தாளிகள் உட்காருவது வலப்பக்கம்…' அவள் மனதில் பளிச்சென்று ஏதோ தட்டியது.

பையிலிருந்து ஒரு காய்ந்த தயிர்க்கட்டியை எடுத்தாள். அப்பாவுக்கு அது என்றால் உயிர்.

"அப்பா, நேரா அட்டையையே பாருங்க."

வலது கன்னத்துக்குச் சற்றுத் தள்ளி அதை நீட்டினாள். அப்பா அசையவில்லை. இடப்பக்கம் நீட்டினாள். லபக்! கட்டி அப்பாவின் வாய்க்குள் போய்விட்டது.

"டாக்டரம்மா! இங்க கொஞ்சம் வாங்களேன்!" என்று முகாமின் மறுகோடியில் இருந்த டாக்டரைக் கூப்பிட்டாள் அனுஜின்.

டாக்டர் வந்து பார்த்தார். அப்பாவை உட்காரவைத்து, ஒரு சிறு கருவியை வைத்துக் கண்ணைச் சோதித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

"வலது கண்ணுல அழுத்தம் ஏறியிருக்கு. நேர்ப் பார்வை நல்லாவே இருக்கும். ஓரப் பார்வைதான் கொஞ்சங்கொஞ்சமாப் போகும். வலிக்கவும் வலிக்காது."

"போன பார்வை திரும்ப வருமா?" என்று கேட்டாள் அனுஜின்.

"போனது வராதும்மா. ஆனா தினமும் சொட்டு மருந்து போட்டா, மிச்சத்தைக் காப்பாத்திடலாம். நல்லவேளை, இப்பவே கண்டுபிடிச்சே."

அப்பா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஊர் திரும்பியதும் அவள் நேரே கோம்போ மாமாவின் கூடாரத்துக்கு ஓடினாள்.

"நாயைப் பிடிங்க!" என்று, அங்கே கூடாரத்துக்கு வருகிற எவரும் வழக்கமாகக் குரல் கொடுப்பதுபோல், வாசலிலிருந்தே கத்தினாள்.

"அடடே! பெரிய மனுஷர் தூது அனுப்பியிருக்காரோ?" என்றார் மாமா கிண்டலாக.

"மாமா, அப்பாவுக்கு வலது ஓரம் கண்ணு தெரியலை. அன்னிக்கு அவரு உங்க குப்பியைப் பார்க்கவே இல்லை."

மாமாவின் முகம் வாடிப்போனது. "அடக் கடவுளே! இது தெரியாம நாலு கூடாரத்துல போய்த் திட்டிட்டு வந்தேனே!"

அன்று மாலையே அவர் வந்தார். அனுஜின் அவரை இடப்பக்கம் உட்காரச் சொன்னாள்.

"பானை சட்டிக்கு நடுவுலயா? இது பொம்பளைங்க பக்கமாச்சே!"

"இங்க உட்கார்ந்தாதான் அப்பாவுக்கு நீங்க தெரிவீங்க."

மாமா முணுமுணுத்தபடி பால் குடத்துக்கும் தேநீர்ப் பானைக்கும் நடுவே தன்னைத் திணித்துக்கொண்டு, குப்பியை நீட்டினார். அப்பா உடனே வாங்கிக்கொண்டார். இருவரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"ஏம்மா, எனக்கும் ஒருதரம் அந்தச் சோதனையைப் பண்ணிப் பாரேன்" என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அனுஜின் தயிர்க்கட்டியை எடுத்தாள். "நேரா பாருங்க மாமா."

வலப்பக்கம், லபக்! இடப்பக்கம், லபக்! பிறகு அவள் பையில் ஒன்றும் மிச்சமில்லை.